பாட்டிக்குப் புற்றுநோய் என்று இப்போதுதான் தெரிந்தது. அவரிடம் சொல்லலாமா? முதல் சில வாரங்களில் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும்?

எங்கள் அப்பத்தாவுக்கு வயது 71. வலது கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து இப்போது கதிர்வீச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றோடு 11 நாள். உங்களுடைய முதல் கேள்விக்கு என் பதில்: சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் இருந்து பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

அப்பத்தா மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் சித்தப்பா வீட்டில் இருந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. கடைவாய்ப் பல் போன பிறகு சின்ன உரலில் இடித்து வலது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். தூக்கத்தில்கூட அது அங்கேயே கிடக்கும். கட்டி வந்ததும் அதே இடத்தில்தான்.

அவர் முதலில் சொன்ன குறை, "குழம்புல காரம் கூடிப்போச்சு" என்பது. சித்தி மிளகாய்த்தூளைக் குறைத்தார். மறுவாரமும் அதே பேச்சு. தன் சமையலைக் குத்திக்காட்டுகிறார் என்று சித்திக்கு வருத்தம். ஒரு மாதத்தில் அப்பத்தா மோர்ச் சோற்றுக்கு வந்துவிட்டார். பிறகு வாயை முழுசாகத் திறக்க முடியாமல் சோற்றைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட ஆரம்பித்தார். ஊரில் ஒரு கிளினிக்கில் வாய்ப்புண் என்று பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் தடவுகிற மருந்தும் கொடுத்தார்கள். அதிலேயே இரண்டு மாதம் போனது. கடைசியில் பல் காட்டப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மாதான் பார்த்த உடனே, "நாளைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ள பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, காரம் தாங்காமை, வாய் திறக்கச் சிரமம், இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்று அப்பத்தா நம்பிக்கொண்டிருந்தார், நாங்களும்தான்.

மதுரையில் துளியூண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அப்பாவும் சித்தப்பாவும் மருத்துவமனை வாசலிலேயே பேசி முடித்துவிட்டார்கள்: அம்மாவிடம் புண் பெரிதாகிவிட்டது, ஒரு சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொல்வோம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பத்து நாள் நடித்தோம். டெலிபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவது, அவர் வந்தால் பேச்சை நிறுத்துவது, அத்தையை அழாதே என்று சமையலறைக்குள் இழுத்துப் போவது. அந்தப் பத்து நாளில் அப்பத்தா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதை நிம்மதி என்று நினைத்தோம்.

ஸ்கேன் எடுக்கப் போன அன்று நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பத்தா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார். எதிரில் இருந்த பலகையை மெதுவாகப் படித்தார். "புற்... று... நோய்ப்... பிரி... வு." பிறகு என்னைப் பார்த்து, "அதான் போட்டிருக்கே தாயி. நீங்க ஏன் இம்புட்டுக் கஷ்டப்படுறீக?" என்றார்.

அதோடு முடியவில்லை. உள்ளே போனால் டாக்டர் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். கன்னத்தில் எவ்வளவு எடுப்பார்கள், நெஞ்சிலிருந்து சதை எடுத்து எப்படி வைப்பார்கள் என்பதெல்லாம் அப்பத்தாவின் தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பத்தா குறுக்கிட்டார்: "என் வாயப் பத்தி என்னைய விட்டுட்டு யார்கிட்டப் பேசுறீக?" டாக்டர் நல்ல மனிதர். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு தாளில் முகத்தை வரைந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். அப்பத்தா கேட்டது இரண்டே கேள்வி. பேச்சு வருமா? வாயால் சாப்பிடுவேனா? இரண்டும் வரும், ஆனால் பழையபடி இருக்காது, நாளாகும் என்றார். அன்று ராத்திரி பல நாள் கழித்து அவர் நன்றாகத் தூங்கினார்.

இன்னொன்று, பழி. நோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் வந்த பேச்சு, "போயிலையப் போடாதேன்னு தலையால தண்ணி குடிச்சோமே, கேட்டியா?" அப்பாதான் அதிகம் கத்தினார். வாரா வாரம் சந்தையில் புகையிலை வாங்கிக் கொடுத்தவரும் அப்பாதான். அந்தக் கோபம் யார் மேல் என்று எங்களுக்குப் புரிய நாளானது. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் தயவுசெய்து பாட்டியின் காதில் விழாமல் நிறுத்துங்கள். அவருக்கு அது தெரியும், நமக்கு முன்னாலேயே தெரியும். பரிசோதனைக்குச் சதை எடுத்த அன்றே அப்பத்தா சுருக்குப்பையை அவிழ்த்துக் கொட்டிவிட்டார். முதல் வாரம் கை நடுக்கமும் எரிச்சலுமாக இருந்தது. புகையிலையை விட உதவும் கட்டணமில்லா எண் 1800 11 2356, அதில் பேசியதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

காப்பீட்டு வேலையை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்களுக்குச் சிக்கல் ஆனது ரேஷன் கார்டு. அப்பத்தாவின் பெயர் சித்தப்பா கார்டில் இருந்தது, நாங்களோ அப்பாவின் தாள்களை எடுத்துக்கொண்டு அலைந்தோம். யார் கார்டில் பெயர் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் வருமானச் சான்றுதான் வேண்டும். அதுவும் ஆதாரும் கையில் இருந்தால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் அட்டை எடுத்துவிடலாம். தாள்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வைத்து, அதற்கு ஒரே ஆளைப் பொறுப்பாக்குங்கள். எங்கள் வீட்டில் அது நான்.

எங்கே பார்ப்பது என்பதில் ஊரே ஒரு சொல்லைத்தான் சொன்னது, "அடையாறு". தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் சென்னையில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அது, அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. அப்பத்தாவிடமே கேட்டோம். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம், 30 முறை போக வேண்டும். "மெட்ராசுல ஆறு வாரம் யார் வீட்டுல கெடக்குறது? மதுரைன்னா உன் வீடு இருக்கு" என்றார். தினமும் போய்வர வேண்டிய சிகிச்சைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் வசதி இருந்தால் அதுவே மேல் என்பதுதான் என் கருத்தும். சென்னை போகத்தான் வேண்டும் என்றால் ரயில் சலுகையை மறக்காதீர்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான சான்று வாங்க வேண்டும்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்ததால் அங்கும் சுத்தம் செய்தார்கள். மூக்கு வழியாகக் குழாய், பேச்சு இல்லை. ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் எழுதிய முதல் சொல், "ஆடு".

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைச்செலவுக்கு என்று சித்தப்பா அப்பத்தாவின் இரண்டு வெள்ளாட்டை விற்றிருந்தார். அப்பத்தாவே குட்டியிலிருந்து வளர்த்தவை. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்பத்தா அழித்துவிட்டு எழுதினார்: "யாரக் கேட்டு". ஆபரேஷன் வலிக்கு அழாதவர் அன்று அழுதார். காசு வேண்டும் என்று கேட்டிருந்தால் அவரே விற்கச் சொல்லியிருப்பார், எந்த ஆட்டை என்றும் சொல்லியிருப்பார்.

குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது முதலில் பயமாக இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் நர்ஸ் முன்னால் நீங்களே நாலைந்து தடவை செய்து பாருங்கள். கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர், பால், எதுவானாலும் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 200 மில்லி கொடுத்தோம். பிறகு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரை மணி நேரம் படுக்கவிடாமல் பார்த்துக்கொண்டோம். அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் நீங்களாகத் திரும்பச் செருகக் கூடாது. ஒரு நாள் ராத்திரி பாதி வெளியே வந்துவிட்டது, ஆட்டோ பிடித்துப் போய்த்தான் மாற்றினோம்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, இதே நோயில் போனவர்கள் கதையை அவர் எதிரிலேயே சொல்வார்கள். நாட்டு மருந்து இருக்கிறது, கத்தி வைக்காதே என்பார்கள். அத்தை வாசலில் உட்கார்ந்துகொண்டு காபி கொடுத்து, அங்கேயே பேசி அனுப்பிவிடுவார். யாரை உள்ளே விடுவது என்பதை அப்பத்தா சொல்வார்.

கதிர்வீச்சை ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்றார்கள். அதற்கு முன் ஒரு முகக்கவசம் செய்வார்கள். வெந்நீரில் இளக்கிய தகட்டை முகத்தின் மேல் வைத்து அப்படியே படிய வைப்பார்கள், தலை அசையாமல் இருக்க. அதை மாட்டியதும் அப்பத்தா பயந்துவிட்டார். உள்ளே அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். சில நிமிஷம்தான், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்று அங்கிருந்த தம்பி சொன்னதும் சமாதானமானார். இப்போது கன்னத்தில் எரிச்சல், நாக்கில் ருசி இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கொப்பளிக்கிறார். கழுத்தில் எண்ணெய், பவுடர் எதுவும் போடுவதில்லை. இறுகிப்போகாமல் இருக்க வாயைத் திறந்து மூடும் பயிற்சி, பற்களுக்கு நடுவே ஐஸ் குச்சிகளை அடுக்கி வைத்து. ஒன்பது குச்சியில் தொடங்கி இப்போது பன்னிரண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்திருந்தார். ஊரில் மிச்சமிருக்கும் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. கிடாய்க் குட்டியைத் திருப்புவனம் சந்தைக்குக் கொண்டுபோகவா என்று அப்பத்தாவைக் கேட்டார். பேச்சு இன்னும் குழறுகிறது, நாங்கள் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. "முப்பது முடியட்டும். வெலைய நான் சொல்றேன்."