செகண்ட் ஹேண்ட் ஜெட்டில் வில்லங்கம் உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் பழைய கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 ஜெட்கள் புது விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறதாமே, ஏதாவது வில்லங்கம் இருக்குமோ?
- வாசகர், கரூர்

பதில்: வில்லங்கம், சரியான சொல்லைத்தான் பிடித்திருக்கிறீர்கள். நம்மூரில் வீடு வாங்கும்போது பார்ப்பது போலவே அங்கேயும் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பு) பதிவகத்தில் விமானத்தின் மேல் கடன் பாக்கி நிற்கிறதா என்று தேடுவார்கள், அதுவரை பணம் பொதுவான மூன்றாம் ஆள் கணக்கில் தூங்கும்.

விமானம் நல்லதுதான். ஒரே மூச்சில் சுமார் 12,500 கி.மீ. போகும், உற்பத்தி நின்றதே 2021-இல்தான். ஆனால் ரொம்ப மலிவு என்றால் பெரிய பராமரிப்புச் சோதனை எதாவது நெருங்குகிறதா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் இன்ஜின். இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் பிஆர்710. பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவரும் பராமரிப்புத் திட்டத்தில் அவை இல்லையென்றால் ஓவர்ஹால் செலவு முழுக்க உங்கள் தலையில், அதுவும் மில்லியன் டாலர் கணக்கில்.

உள்ளே பளபளக்கும் தோல் இருக்கைகளைப் பார்த்து மயங்காதீர்கள். சமையலறை, கழிவறைத் தரைப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள், பல வருடம் சிந்திய காபியும் தண்ணீரும் அடியில் அலுமினியத்தை அரித்திருக்கலாம். இன்ஜினுக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டு பிளேடுகளையும் பார்க்க வேண்டும். பராமரிப்புப் பதிவேட்டில் சில வருடங்கள் காணோமா? நானாக இருந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

இத்தனையும் சரி என்றாலும் பைலட் சம்பளம், ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் விமானம் சும்மா நின்றாலும் வந்துகொண்டேதான் இருக்கும்.