ஆள்கடத்தல் நடக்கும் பகுதிக்கு வேலையாகப் போகிறேன். எப்படிப் பாதுகாப்பாக இருப்பது?

பணத்துக்காக நடக்கும் கடத்தலில் பெரும்பாலும் ஆளை முன்கூட்டியே நோட்டம் விடுவார்கள். எந்த வண்டி, எத்தனை மணி, எந்த வழி என்று தெரிந்தால்தான் மடக்க முடியும். அதனால் உங்கள் பயண விவரம் நம்பிக்கையான ஒருவருக்கு முழுசாகத் தெரிய வேண்டும்; மற்றவர்களுக்குத் தெரியவே கூடாது. மீதி ஏற்பாடெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வழியை மாற்றிக்கொண்டே இருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எத்தனை வழி மாற்றினாலும் தங்குமிடத்தின் வாசலும் அலுவலக வாசலும் மாறாது. அந்தக் கடைசிச் சில நூறு மீட்டரில்தான் ஆபத்து அதிகம். அங்கே மாற்ற முடிவது நேரம் மட்டுமே, அதை மாற்றுங்கள். நாளைய பயணத்தை ஓட்டுநரிடம்கூடக் கிளம்பும் நேரத்தில் சொன்னால் போதும். இருக்கும் இடத்தைப் படத்தோடு பதிவிடுவதை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்று வழி என்று எல்லோரும் ஒன்றையே பிடித்தால் அதுவும் இலக்காகிவிடும். நைஜீரியாவில் அபுஜா–கடுனா சாலையில் கடத்தல் பெருகியதால் பலர் ரயிலுக்கு மாறினார்கள். 2022 மார்ச் 28 இரவு அந்த ரயிலையே குண்டு வைத்து நிறுத்தி, சிலரைக் கொன்று, 60க்கும் மேற்பட்டவர்களைக் கடத்திப் போனார்கள். கடைசிப் பிணையாளிகள் விடுபட அக்டோபர் ஆனது.

ஊரில் உங்களுக்காகக் காத்திருப்பவரிடம் வண்டி எண், ஓட்டுநர் எண், வழி, சேரும் நேரம் நான்கும் எழுத்தில் இருக்கட்டும். எந்த ஊர் தாண்டியதும் பேசுவீர்கள் என்பதும் இருக்கட்டும். 30 நிமிடம் தாமதமானால் உங்களை, பிறகு ஓட்டுநரை, பிறகு அங்கே உங்களை வரவழைத்தவரை அவர் கூப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் கடந்தால் தூதரகம். சிக்னல் கிடைக்காத பகுதியை முன்பே குறித்துக் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் வீண் பதற்றம் இரண்டு முறை வரும், மூன்றாம் முறை நிஜமாகவே ஏதாவது நடந்தாலும் அவர் அசட்டையாக இருந்துவிடுவார். பதில் இணையத்தில் எங்குமே கிடைக்காத இரண்டு மூன்று கேள்விகளையும் அவரிடம் விட்டுச் செல்லுங்கள். கடத்தியவர்களிடம் அவற்றைக் கேட்டு, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று உறுதி செய்யலாம். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது, 'கடத்திவிட்டோம்' என்று வீட்டுக்குப் பொய்யாகப் போன் செய்து பணம் பறிக்கும் கும்பல்களும் அந்தக் கேள்விகளிலேயே மாட்டிக்கொள்ளும்.

சாலையில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சேரும்படி கிளம்புங்கள். வண்டி பழுதானாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். நெரிசலில் முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுவது தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டால் ஒடித்துத் திருப்ப முடியும். எதிரே வண்டியே வராத சாலைதான் பெரிய எச்சரிக்கை. அப்போது முன்னே போகாமல் கடைசியாகக் கடந்த ஊருக்குத் திரும்பி விசாரியுங்கள். சோதனைச் சாவடியில் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இரவானால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி உள்விளக்கைப் போடுங்கள். கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, கைகள் தெரியும்படி வையுங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும். பாஸ்போர்ட் மேல்சட்டைப் பையில் இருந்தால் சீட்டுக்கு அடியில் துழாவ வேண்டியிருக்காது. அப்படித் துழாவுவதைப் பார்த்தால் பதற்றத்தில் இருக்கும் காவலர் சுட்டுவிடக்கூடும்.

சாதாரணப் பயணக் காப்பீடு, அரசு 'போக வேண்டாம்' என்று அறிவித்த பகுதிக்குப் பெரும்பாலும் செல்லாது. உங்களுடையது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடத்தியவர்கள் கேட்கும் பணத்தை ஈடுகட்டும் கடத்தல் காப்பீட்டை நிறுவனம் எடுத்திருந்தால் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

பிடிபட்டால் முதல் சில நிமிடங்கள்தான் மிக ஆபத்தானவை, கடத்துகிறவர்களும் பயத்தில் இருப்பார்கள். சொன்னதைச் செய்யுங்கள், திடீரென்று அசையாதீர்கள். மீட்புப் படை வந்தால் ஓடாமல் தரையோடு படுத்து, வெறுங்கைகள் தெரியும்படி நீட்டுங்கள். யார் என்று உறுதியாகும் வரை அவர்கள் உங்கள் கையையும் கட்டி வைக்கலாம், எதிர்க்க வேண்டாம்.