வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கணினிப் படிப்பா?

சென்ற வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதியர் மகளுடன் மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்திருந்தனர். நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடத்துக்குப் பேசி முடித்துவிட்டு, வங்கியில் கொடுப்பதற்காக வீட்டுப் பத்திரத்தையும் மஞ்சள் பையில் கையோடு கொண்டுவந்திருந்தார் தந்தை. "இயற்பியல் படித்தால் டியூஷன்தான் எடுக்க வேண்டும்" என்று தாய்மாமன் சொன்ன ஒரே வார்த்தைதான் இத்தனைக்கும் மூலம். மகளோ, நான் கொடுத்த படிவத்தின் பின்பக்கத்தில் அணுக்கரு இணைவு ஆய்வில் பயன்படும் டோக்காமக் என்ற காந்த வளையக் கருவியை வரைந்துகொண்டிருந்தாள்.

அவர்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஐயா, இந்தக் கடனை வாங்காதீர்கள்" என்றேன். மாமா அறிந்த படிப்புகளை அவரே சொல்லட்டும். அவர் அறியாத ஒன்றை நான் சொல்கிறேன்.

ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெற, பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயுவை, பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். எந்தச் சுவரும் அதைத் தாங்காது என்பதால், காந்தப்புலத்தில் தாங்கிப் பிடிக்கிறார்கள். வெறும் வளையப் புலத்தில் பிளாஸ்மா வெளிப்புறமாக நழுவிவிடும். ஆகவே பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்னோட்டம் பாய்ச்சி, புலக்கோடுகளைக் கைமுறுக்கின் இழைபோல முறுக்கிவிடுகிறார்கள். இந்த டோக்காமக்கில் ஒரு கோடி டிகிரியளவு வெப்பத்தை எட்டியதாக 1968இல் சோவியத் அறிஞர்கள் அறிவித்தபோது மேலைநாட்டார் ஐயுற்றனர். மறு ஆண்டே இங்கிலாந்தின் கல்ஹாமிலிருந்து மாஸ்கோ சென்ற குழு, லேசர் ஒளிச் சிதறலால் அளந்து பார்த்து, உண்மைதான் என்றது. பள்ளி ஆய்வகத்தில் மின்கம்பி சுற்றி அளப்பதே பிடிக்கும் என்கிற உங்கள் மகளுக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறது.

காந்திநகரை அடுத்த பட் கிராமத்தில், அணுசக்தித் துறையின்கீழ் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அங்கே ஆதித்யா என்ற டோக்காமக் 1989இல் இயங்கத் தொடங்கியது. மின்தடையே இல்லாத மீக்கடத்துக் காந்தங்கள் கொண்ட அடுத்த டோக்காமக்கான எஸ்.எஸ்.டி-1, 2013இல் முதல் பிளாஸ்மாவைத் தந்தது. பிரான்ஸில் எழுந்துவரும் ஈட்டர் என்ற பன்னாட்டு டோக்காமக் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. ஏறத்தாழ 29 மீட்டர் உயரமும் 3,800 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அதன் குளிர்காப்புக் கலம், அதாவது கருவியைச் சூழ்ந்து நிற்கும் வெற்றிடக் கூடு, இந்தியாவின் பங்களிப்பு. அரசுக் கல்லூரியில் இளநிலை, பிறகு முதுநிலை இயற்பியல், அதன்பின் ஆராய்ச்சிப் படிப்புக்கான ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வு: வழி இவ்வளவுதான். 2023 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதாவது படிக்கும்போதே சம்பாத்தியம்.

அவள் வேலைக்குப் போவதற்குள் இணைவு மின்சாரம் வீட்டுக்கு வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கல்ஹாமின் ஜெட் என்ற டோக்காமக் 2023இல் 69 மெகாஜூல் ஈன்று சாதனை படைத்தபோதுகூட, உட்செலுத்திய ஆற்றல் அதைவிட அதிகம். ஆயினும் வெற்றிடம், மீக்குளிர், மீக்கடத்தி ஆகியவற்றில் கை பழகியவர்களை விண்வெளித் துறையும் தேடும். அவளுடைய கணக்கு மதிப்பெண்தான் சற்றுக் குறைவு. முதல் ஆண்டிலேயே அதைச் சரிசெய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பத்திரம் மஞ்சள் பையிலேயே ஈரோடு திரும்பியது.