ஊர் காலியானால் வயல் காடாகுமா?

ஒசாகாவில் பணிபுரியும் வாசகர் ஒருவரின் கேள்வி: "ஹியோகோ மாகாணத்தின் வடக்கே, மலையடிவாரக் கிராமத்தில் ஒரு பழைய வீடு நெல்வயலோடு சேர்ந்து மலிவாக விலைக்கு வருகிறது. ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வயலை அப்படியே விட்டுவிட்டால், தானாகக் காடாகி இயற்கைக்கு நன்மைதானே?"

நீங்கள் எதிர்பார்க்கும் நன்மை எளிதில் கிட்டாது. ஜப்பானின் மக்கள்தொகை 2008 வாக்கில் ஏறத்தாழ 12.8 கோடியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. 2023 கணக்கெடுப்பில் காலி வீடுகள் மட்டும் சுமார் 90 லட்சம். ஆனால் ஆள் குறைந்த இடமெல்லாம் உயிர்வளம் பெருகிய இடமாகிவிடவில்லை. அங்கே 'சதோயமா' என்று சொல்லப்படும் மலையோர நிலம், வயலும் வாய்க்காலும் விறகுக்காடுமாக மனிதர் கைபட்டே பல நூற்றாண்டுகளாக உருவானது; தவளையும் மின்மினியும் அந்த ஈரத்தை நம்பிப் பழகியவை. தண்ணீர் கட்டுவது நின்றால் வயலில் முதலில் உயரமான புல் மண்டும். பக்கத்தில் மோசோ மூங்கில் இருந்தால் அதன் வேர்த்தண்டு வரப்பைத் தாண்டி உள்ளே வரும், பிறகு அதன் நிழலில் வேறெதுவும் எழும்பாது. பறிக்க ஆளின்றிப் பழுத்துத் தொங்கும் காக்கிப் பழம் (பெர்சிமன்) கரடியை வீட்டு வாசலுக்கே அழைத்துவிடும் என்பதால், முற்றத்தில் அந்த மரம் இருந்தால் இலையுதிர் காலத்தில் காய்களை மறக்காமல் பறித்துவிடுங்கள். 2023 நிதியாண்டில் கரடி தாக்கியவர்களின் எண்ணிக்கை நாடெங்கும் 200-ஐத் தாண்டியது.

நீங்கள் வாங்க நினைக்கும் வடக்கு ஹியோகோவிலேயே இதற்கு மாற்றான முன்னுதாரணம் உண்டு. ஜப்பானின் இயற்கைச் சூழலிலிருந்து 1971-இல் அற்றுப்போன கிழக்கத்திய நாரையை, டொயோகா நகரில் வளர்த்து 2005-இல் மீண்டும் பறக்கவிட்டார்கள். அதற்காக அங்குள்ள உழவர்கள் பூச்சிமருந்தைக் குறைத்தார்கள். குளிர்காலத்திலும் வயலில் நீர் நிறுத்தினார்கள். தலைப்பிரட்டைகள் தவளையாகும்வரை கோடையில் நீர் வடிப்பதைத் தள்ளிப்போட்டார்கள். (நாரைக்கு அரிசி வேண்டாம், தவளைதான் வேண்டும்.)

எனவே வாங்கினால் உழவோடு வாங்குங்கள். விவசாய நிலம் கைமாற உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதி வேண்டும். குறைந்தபட்சப் பரப்பளவு விதி 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டதால் சிறு வயலும் வாங்க முடியும். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், வாய்க்காலைத் தூர்வார ஊரில் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று மேல்வயல்காரரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். ஒற்றை ஆளால் அந்த நீரைக் கொண்டுவர முடியாது.