பினாங்கில் குடியேறியாயிற்று, பொழுதுதான் போகவில்லை

கேள்வி: எனக்கு 54 வயது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தேன். ஆட்குறைப்பு வந்தபோது கிடைத்த தொகையையும் சேமிப்பையும் வைத்து, வெளிநாட்டினர் நீண்டகாலம் தங்குவதற்கான 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில் விசா எடுத்து, மனைவியோடு பினாங்கின் தஞ்சோங் பூங்கா என்ற பகுதியில் குடியேறி ஏழு மாதமாகிறது. முதல் மூன்று மாதம் விடுமுறை மாதிரி இருந்தது. இப்போது காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்வதென்றே தெரியவில்லை. எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் ஜிம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, இறங்கிப் போக மனம் வருவதில்லை. 6 கிலோ ஏறிவிட்டேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. படி இறங்கும்போது இடது முழங்கால் வலிக்கிறது. மனைவிக்குத் தினமும் புலாவ் தீக்குஸ் சந்தை; அங்கே எல்லாரும் பழக்கம். கூடப் போனால், 'நீங்க வராதீங்க, அவசரப்படுத்துறீங்க' என்கிறார். மாதம் இரண்டு முறை சிங்கப்பூர் போய்ப் பழைய நண்பர்களைப் பார்க்கிறேன். திரும்பி வந்தால் இன்னும் மோசம். உடம்பைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொள்வது எப்படி? இந்த ஊரோடு ஒட்டுவது எப்படி?

பதில்: மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போகிறார். நாளைக்கே காய்ச்சலில் படுத்துவிட்டால், மறுநாள் காய்க்காரரோ மீன்காரரோ "எங்கே காணோம்?" என்று கேட்பார். நீங்கள் ஒரு வாரம் வெளியே வராவிட்டால் தஞ்சோங் பூங்காவில் யார் கேட்பார்கள்? உங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சுபாவமோ சோம்பேறித்தனமோ இதில் இல்லை. ஓய்வு பெற்றவர்களோடு பிசியோதெரபியில் பல காலம் வேலை செய்கிறேன். ஊர் மாறிப் போய் ஒட்டிக்கொண்டவர்களிடம் பெரும்பாலும் ஒன்றைப் பார்க்கிறேன்: அவர்கள் வராவிட்டால் கவனிக்க அந்த ஊரில் சிலபேர் இருக்கிறார்கள். உடம்பு, மனம் இரண்டுக்குமே முதலில் அதை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

எடைக்கு வருவோம். சிங்கப்பூரில் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். ஆனால் அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடை, ரயில் மாறும் இடத்தில் நடை, நிலையத்தில் படி, அப்புறம் பட்டறைக்குள்ளே கப்பலை நீரின்றி நிறுத்திப் பழுதுபார்க்கும் டிரை டாக் ஓரமாகவும் ஏணி வழியாகவும் கப்பலின் தளங்களிலும் ஏறி இறங்கியது. அத்தனையும் உடற்பயிற்சிதான், அதற்குச் சம்பளமும் வந்துகொண்டிருந்தது. இப்போது லிஃப்டில் கார் நிறுத்துமிடம், காரில் கடை, மறுபடி லிஃப்ட். ஜார்ஜ் டவுனில் கடைகளின் முகப்பில் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையில் நடக்கலாம் என்று இறங்கினால், பத்தடிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும், தளம் மேலும் கீழுமாக இருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் குறைச்சலே இல்லாத ஊர். இந்தக் கணக்கில் 6 கிலோ ஏறியது பெரிய அதிசயமில்லை. உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், காணாமல் போன அந்த நடையைத் திரும்பக் கொண்டுவருவோம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதமான உழைப்பு என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பலரும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "நான்தான் தினமும் நடக்கிறேனே" என்பார்கள். உங்கள் வயதில் இரண்டாவது பாதியை விடவே கூடாது. நடுவயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, நடை மட்டும் அதைத் தடுக்காது. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெரும்பங்கு உள்ளே இழுத்துக்கொள்வதும் தசைதான். எல்லைக்கோட்டில் நிற்கும் உங்களுக்கு அது முக்கியம்.

ஜிம்முக்கு இறங்க மனம் வரவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, 30 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணி, தேதியோடு காலண்டரில் எழுதிவையுங்கள். பராமரிப்பு வேலை பார்த்தவருக்கு அளந்து எழுதிவைப்பது கைவந்த கலை. மாதம் ஒருமுறை அதே நாற்காலியில் அதே மாதிரி எண்ணுங்கள். வாரத்தில் இரண்டு நாள் இதையே பயிற்சியாகச் செய்யலாம்: மெதுவாக, நான்கு எண்ணி உட்காருங்கள், ஒரு விநாடி அப்படியே இருந்துவிட்டு எழுந்திருங்கள். பத்துப் பத்தாக மூன்று சுற்று. சமையலறை மேடையில் கை ஊன்றித் தண்டால், படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, இரண்டு கையிலும் கனமான பையோடு வராந்தாவில் நடப்பது, இவ்வளவு போதும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

நடைக்கு நேரம் குறைவு. சிங்கப்பூர் மாதிரியே இங்கும் காலை ஏழுக்கு மேல்தான் வெளுக்கும், ஒன்பதுக்கெல்லாம் வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஏழு முதல் எட்டரை. இரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் போகச் செய்யும் வகை ஒன்று உண்டு. உங்களுடையது அதுவா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாத்திரையோடு புழுக்கத்தில் நெடுநேரம் நடந்தால் தலை சுற்றும். கொசு விரட்டி தடவிக்கொள்ளுங்கள். டெங்கு கொசு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கடிக்கும்.

எங்கே நடப்பது என்பதுதான் இதில் முக்கியம். கொண்டோவுக்குள்ளேயே சுற்றாதீர்கள். 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். காலையில் அங்கே சீனப் பெரியவர்கள் தாய்ச்சி உடற்பயிற்சி செய்வார்கள், தமிழர்கள் கூட்டமாக நடப்பார்கள், குரங்குகள் எல்லாரையும் வேவு பார்க்கும் (கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம்). பக்கத்திலேயே முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை. வாரத்தில் மூன்று நாள், அதே நாட்கள், அதே நேரம், அதே பாதை. இன்றைக்கு இங்கே, நாளைக்குத் தெலுக் பாஹாங், மறுநாள் கர்னி கடற்கரை என்று மாற்றிக்கொண்டே இருந்தால் ஊரைப் பார்த்தது மாதிரி இருக்கும், ஊருக்கு உங்களைத் தெரியாது. முதல் இரண்டு வாரம் தலையசைப்பு, மூன்றாவது வாரம் "காலை வணக்கம்", அதற்கடுத்து யாராவது ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்பார். நடை முடிந்ததும் காரை நோக்கி ஓடாமல், அவர்கள் உட்காரும் கோப்பிக் கடையில் நீங்களும் உட்காருங்கள். "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்டால் சர்க்கரையும் பாலும் இல்லாமல் வரும். நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்தான் வேண்டும் என்றால் "குராங் மானிஸ்" சேர்த்துச் சொல்லுங்கள், இனிப்பைக் குறைப்பார்கள். பழகுவது பெரும்பாலும் அந்த மேசையில்தான்.

சீக்கிரமே ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. உங்கள் வயதுக்காரர்கள் வார நாளில் வேலையில் இருப்பார்கள். காலை பத்து மணிக்குச் சும்மா இருப்பவர்களுக்கோ எழுபது வயது. "எனக்கு இங்கே செட்டே இல்லை" என்று பலர் ஒதுங்கிவிடுவது இதனால்தான். எழுபது வயதுக்காரரோடு பழகத் தயங்காதீர்கள். ஊரின் விவரமெல்லாம் அவரிடம்தான் இருக்கும், எந்தக் கிளினிக் நல்லது என்பது உட்பட. உங்கள் வயதுக்காரர்களைப் பிடிக்க வேண்டுமானால் மாலை ஆறுக்கு மேல் பேட்மிண்டன், ஞாயிறு காலை மலையேறும் குழு என்று அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்துக்கு நீங்கள் போக வேண்டும்.

பத்து மணிக்கு மேல் என்ன என்பதற்குப் பொழுதுபோக்குகளின் பட்டியல் ஒன்றும் நான் தரப்போவதில்லை. பொறுப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், சின்னதாக. உங்கள் கையில் தொழில் இருக்கிறது: பம்பு, மோட்டார், மின்விசிறி, குழாய். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் முதியோர் இல்லத்திலும் பழுதாகிக் கிடக்கும் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் ஒரு நாள், உதாரணத்துக்குப் புதன் பத்து மணி என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குத் தவறாமல் போங்கள். தைப்பூசத்துக்கு முன்னால் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களுக்கு ஒயரிங் தெரிந்த ஆள் கிடைத்தால் விடவே மாட்டார்கள். வெள்ளி ரதமும் தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் பந்தல்தான். அதில் ஒரு பந்தலின் வேலைக்குழுவில் இருந்துவிட்டால் அடுத்த வருடம் அவர்களே கூப்பிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் விசாவில் சம்பள வேலைக்கு அனுமதி உண்டா என்பது எந்தப் பிரிவில் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது, பெரும்பாலான பிரிவுகளில் இல்லை. சம்பளமில்லாத சேவைதான் என்றாலும், தொடங்குவதற்கு முன் விசா எடுத்துத் தந்த முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா உதவிதானே" என்று கை நீட்டிப் பணம் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூர்ப் பயணத்தைப் பற்றி. நண்பர்களை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் மாதம் இரண்டு முறை போனால், போவதற்கு முந்தைய நாள் மூட்டை கட்டுவது, வந்த மறுநாள் சோர்வு எல்லாம் சேர்ந்து மாதத்தில் பாதி போய்விடும். பினாங்கில் எந்தக் கிழமையும் உங்களுக்கென்று நிலைக்காது. ஆறு மாதத்துக்கு இரண்டு மாதம் ஒருமுறை என்று வைத்துப் பாருங்கள், இடையில் அவர்களை இங்கே வரச் சொல்லுங்கள். ஊரைச் சுற்றிக் காட்டும்போதுதான் உங்களுக்கே எவ்வளவு தெரியும் என்று தெரியவரும்.

காரை வாரத்தில் இரண்டு நாள் நிறுத்திவையுங்கள். உங்கள் பகுதி வழியாக ஓடும் 101ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பேருந்து ஜார்ஜ் டவுனுக்குப் போகிறது. கொம்தார் கட்டடத்தருகே இறங்கி லிட்டில் இந்தியா வரை நடந்து, 1833இல் கட்டிய குயின் தெரு மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடை, வராந்தாவில் என்றாலும், சர்க்கரை ஏறுவதை மட்டுப்படுத்தும். அந்த நேரத்தில் தூங்கப் போகாதீர்கள். பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் சோறு வாரத்தில் ஒரு நாள், குழம்பை எல்லாம் கலந்து ஊற்றச் சொல்லாமல்.

சந்தையை மனைவிக்கே விட்டுவிடுங்கள். அது அவர் சம்பாதித்த இடம். நீங்கள் காலையில் உங்கள் இடத்துக்குப் போங்கள், அவர் அவருடைய இடத்துக்குப் போகட்டும். மதியம் சாப்பிடும்போது இருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

மனதைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகக் கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இருக்கிறதா? முன்பு பிடித்தவற்றில்கூட நாட்டம் இல்லையா? விடியற்காலையில் விழித்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடக்கிறீர்களா, மாலையில் பீர் ஒன்று இரண்டாகிவிட்டதா? இதில் எதற்காவது "ஆம்" என்றால், நடையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக முழங்கால். இறங்கும்போது வலிப்பதாகச் சொல்கிறீர்கள். படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்க வேண்டும். தசை வலு குறைந்து எடையும் கூடியிருக்கும்போது முழங்கால் சிப்பிக்கு அழுத்தம் அதிகமாகும். உற்சாகத்தில் முதல் வாரமே தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறிவிடாதீர்கள், ஏறுவது முடியும், இறங்கும்போது தெரியும். நாற்காலிப் பயிற்சியை எட்டுப் பத்து வாரம் செய்தபின், முதலில் கொஞ்சம் படிகள், பிறகு பாதி என்று கூட்டுங்கள். பினாங்கு மலைக்கும் அப்படித்தான்: தாவரவியல் பூங்காவிலிருந்து மேலே போகும் ஜீப் சாலையில் ஏறுங்கள், இறங்குவதற்கு மலை ரயிலைப் பிடியுங்கள். ரயில் ஆயர் ஈத்தாமில் கொண்டுபோய் விடும், காரைத் தாவரவியல் பூங்காவில் விட்டிருந்தால் திரும்பி வர டாக்சி வேண்டியிருக்கும். நடக்கும்போது முழங்கால் வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ சட்டென்று மடங்கிவிட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.