பேராசிரியர் ஒருவர் அமெரிக்க அதிபரின் வெளியுறவு ஆலோசகர் ஆவது எப்படி?

படிப்பு வேண்டும்தான். ஆனால் எந்த அரசியல்வாதியை எப்போது அடையாளம் காண்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு, பேராசிரியராக இருந்து வெள்ளை மாளிகைக்குப் போன ஸ்பிக்நியூ பிரெஜின்ஸ்கிதான் நினைவுக்கு வந்தார்.

1928இல் வார்சாவில் பிறந்தவர். அப்பா போலந்தின் தூதரக அதிகாரி. அவர் கனடாவில் பணியில் இருந்தபோது போர் மூண்டது. போருக்குப் பின் நாடு கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனதால் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. மகன் ஆயுள் முழுக்க சோவியத் அரசை ஆராய்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1953இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அது அங்கே இருந்த இன்னொரு வெளியுறவு அறிஞரான ஹென்றி கிஸிஞ்சருக்குக் கிடைத்தது! இவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

1968 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹம்ப்ரிக்கு ஆலோசகராக இருந்தார். ஹம்ப்ரி தோற்றார், வென்ற நிக்சனோடு வெள்ளை மாளிகைக்குப் போனவர் மறுபடியும் கிஸிஞ்சர். சரி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவில்லை. 1973இல் வங்கியாளர் டேவிட் ராக்பெல்லரோடு சேர்ந்து, வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் பிரமுகர்கள் கூடிப் பேசும் முத்தரப்பு ஆணையம் என்ற அமைப்பைத் தொடங்கி, அதில் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டார். நாட்டில் பலருக்கு அன்று அவர் பெயரே தெரியாது: ஜிம்மி கார்ட்டர். வெளியுறவு விவகாரங்களில் கார்ட்டர் அங்கேதான் நிறையக் கற்றுக்கொண்டார். 1977இல் கார்ட்டர் அதிபரானதும் பிரெஜின்ஸ்கி அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்.

இன்னொன்றும் உண்டு. வெளியுறவு அமைச்சருக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும், இந்தப் பதவிக்கு வேண்டாம். அதிபரின் நம்பிக்கை இருந்தால் போதும். பேராசிரியர்கள் இந்த வழியாக உள்ளே வர முடிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். வெளியுறவு அமைச்சர் வான்ஸோடு பிரெஜின்ஸ்கிக்கு, அவர் பதவியில் இருந்த மூன்று வருடத்துக்கும் மேலாக இழுபறிதான். ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்கப் படை அனுப்புவதை வான்ஸ் எதிர்த்தார், இவர் ஆதரித்தார். 1980 ஏப்ரலில் அந்த முயற்சி 8 வீரர்களைப் பலி கொடுத்துத் தோற்றது, வான்ஸ் பதவி விலகினார்.

அப்புறம், அந்த நாற்காலியில் நிதானமாகக் கட்டுரை எழுத அவகாசம் கிடையாது. 1979 நவம்பரில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு பிரெஜின்ஸ்கிக்குத் தொலைபேசி. இருநூற்றுச் சொச்சம் சோவியத் ஏவுகணைகள் வருகின்றன என்றார்கள், அடுத்த அழைப்பில் 2,200 என்றார்கள். கார்ட்டரை எழுப்பப் போகும் நேரத்தில் மூன்றாவது அழைப்பு: பொய் எச்சரிக்கை, பயிற்சிக்கான தரவு கணினியில் கலந்துவிட்டதாம். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை பிரெஜின்ஸ்கி எழுப்பவே இல்லை. அரை மணி நேரத்தில் எல்லோரும் சாகப்போகிறோம் என்றே நினைத்திருந்தார்.