முடவன் முழுக்கு: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா.

எனக்குச் சொந்த ஊர் குத்தாலம். பிழைப்பு கோயம்புத்தூரில். சென்ற ஐப்பசியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளைத் துலா ஸ்நானத்துக்காக மயிலாடுதுறைக்கு அழைத்து வந்தேன். என் பாட்டி என்னைக் கைப்பிடித்து இறக்கிவிட்ட அதே துலாக்கட்டத்துப் படிகள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. அதிலும் பழைய துணிகள், ஷாம்பூ உறைகள், மாலை கட்டிய நார். மகள் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டாள். "முழுகம்மா, புண்ணிய தீர்த்தம்" என்றேன். "அப்படியென்றால் குடிக்கலாமா?" என்று கேட்டாள். "குடிக்காதே, வயிற்றுக்கு ஆகாது" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "குடிக்கக்கூட ஆகாத தண்ணீர் எப்படி அப்பா புனிதமாகும்?" என்றாள். தலையில் நாலு துளி தெளித்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

அவளுக்கு நான் என்ன சொல்வது? இன்னொன்று. 2028இல் கும்பகோணத்தில் மகாமகம். குடும்பத்தோடு போயே ஆகவேண்டும் என்று என் அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். மகளை அழைத்துப்போகலாமா, இல்லை இதெல்லாம் எங்களோடு போகட்டும் என்று விட்டுவிடலாமா?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், நீங்கள் "குடிக்காதே" என்று சொன்ன இடம். புண்ணியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று அப்பாவாகிவிட்டார்.

இந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் உண்டு. மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். சுத்தம் வேறு, புனிதம் வேறு; சுத்தம் கண்ணுக்குத் தெரிவது, புனிதம் மனத்துக்குத் தெரிவது. கேட்கும்போது தலையாட்டத்தான் தோன்றும். ஆனால் காவிரிக் கரையில் அந்தப் பேச்சு என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், குப்பையைக் கிடந்த இடத்தில் கிடக்கவிடுகிறது. 'காவிரித்தாயை அழுக்கு ஒட்டுமா' என்று சொல்லிவிட்டுத் தான் உடுத்திய வேட்டியை அவிழ்த்து ஆற்றோடு விட்டவரை நானே பார்த்திருக்கிறேன். தோஷம் அதோடு போய்விடுமாம். வேட்டி போகவில்லை. நாலு படி தள்ளி, அடுத்தவர் காலில் சுற்றிக்கொண்டது. எனவே அந்தப் பதிலை உங்கள் மகளிடம் சொல்லவேண்டாம்.

அவள் கேட்டதுதான் முறையான கேள்வி. பெருமாள் கோயிலில் தீர்த்தம் என்றால் என்ன செய்கிறோம்? உள்ளங்கையைக் குழித்து வாங்கிக் குடிக்கிறோம், மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொள்கிறோம். வாய்க்குப் போகக்கூடியதுதான் தீர்த்தம் என்பதை அவள் உங்கள் வீட்டுப் பழக்கத்திலிருந்தே கற்றிருக்கிறாள்.

தீர்த்தம் என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் ஆற்றில் இறங்கும் இடம், இறங்கிக் கடக்கும் இடம் என்பதுதான். நம் மொழியில் துறை. நீங்கள் போன ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. மாயவரம் என்று வாய்க்கு வந்துவிட்ட ஊருக்கு 1982இல் மயிலாடுதுறை என்ற பழைய பெயரை அரசு மீட்டுக்கொடுத்தது. அந்தத் துறையில் பதினொரு வயதுப் பிள்ளையால் மூன்றாம் படிக்குக் கீழே இறங்க முடியவில்லை. புனிதமா இல்லையா என்ற விசாரணைக்கெல்லாம் முன்னால் நிற்கிற விஷயம் இது.

துலா ஸ்நானத்தின் கதையை உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். ஆண்டு முழுக்க ஊரார் பாவத்தையெல்லாம் வாங்கிக் கறுத்துப்போன கங்கை, ஐப்பசியில் காவிரிக்கு வந்து முழுகித் தன் அழுக்கைப் போக்கிக்கொள்கிறாள். இதைச் சின்ன வயதில் கேட்டபோது 'நம் ஊர் ஆறு கங்கைக்கும் மேல்' என்ற பெருமைதான் என் மனத்தில் நின்றது. இப்போது யோசித்தால் வேறொன்று தெரிகிறது. புனித நதிக்கும் அழுக்குச் சேரும் என்று கதை கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் அதை மூடி மறைக்கவில்லை. கங்கைக்கு ஒரு துறை காட்டிவிட்டான். காவிரிக்குச் சேர்ந்தால் எங்கே போவது என்பதை மட்டும் நம் கையில் விட்டுவிட்டான்.

ஆற்றின் நிலையையும் சொல்லவேண்டும். ஐப்பசி என்பது, கணக்குப்படி, காவிரி நிறைந்து ஓடவேண்டிய மாதம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்த தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்கிற நேரம். ஆனால் கல்லணையில் வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வழியெங்கும் வயலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அது மயிலாடுதுறைக்கு வருகிறது. கடைமடை என்றால் அப்படித்தான். மேட்டூர் கைவிட்ட ஆண்டுகளில் ஆற்றுக்குள்ளேயே ஆழ்துளைக் குழாய் இறக்கி, அந்த நீரில் குளித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அதையும் துலா ஸ்நானம் என்றுதான் சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. குழாயடியில் வரிசையில் நின்று நானும் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டேன்.

ஐப்பசி கடைசி நாள் கடைமுகம். கோயில் மூர்த்திகள் ஆற்றுக்கு வந்து தீர்த்தம் கொடுக்கும் நாள், பெருங்கூட்டம். மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. இன்று வாயால் சொல்லக் கூசுகிற சொல்தான், ஆனால் பஞ்சாங்கத்தில் அந்தப் பெயர்தான் நிற்கிறது. கால் வராத ஒருவன் துலா ஸ்நானத்துக்குப் புறப்பட்டான். ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் கிடந்து அழுதான். சரி, உனக்காக இன்று ஒரு நாளும் சேர்த்துக்கொள், இதே பலன் உண்டு என்றார் ஈசன். கதை இவ்வளவுதான். மாதமும் நாளும் நாழிகையும் பார்த்து நடக்கிற ஒரு மதம், நேரத்துக்கு வர முடியாத ஒருவனுக்காகத் தன் கணக்கையே ஒரு நாள் தள்ளிவைத்துக்கொண்டது. இந்த டெல்டாவின் தலங்களில் எனக்கு மனம் ஒட்டுவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

திருப்புன்கூருக்குப் போயிருக்கிறீர்களா? வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கம்தான். ஆதனூர் நந்தன் கோயில்களுக்குப் பேரிகைத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார் என்கிறார் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். அவர் கொடுத்த தோல் உள்ளே போய் முழங்கும். அவர் வெளியே நிற்கவேண்டும். தில்லைக்கு 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர். இவரும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதவர்தான். திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார், நந்தி மறைத்தது. சிவலோகநாதர் நந்தியைச் சற்று விலகச் சொன்னார். இன்றும் அந்த நந்தி சன்னிதிக்கு நேராக இல்லை, ஒதுங்கித்தான் கிடக்கிறது. அது விட்ட வழியில் நின்று பார்த்தால் உள்ளே விளக்கு தெரியும். அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். கல் நந்தி நகர்ந்தது. தில்லையில் மனிதர்கள் நகரவில்லை, நெருப்பு வளர்த்து அவரை அதில் இறங்கவைத்துத்தான் உள்ளே விட்டார்கள். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வர 1947 ஆகிவிட்டது. புனிதம் என்ற சொல் யார் யாரைத் தள்ளி நிறுத்தப் பயன்பட்டிருக்கிறது என்பதையும் உங்கள் மகள் ஒருநாள் கேட்பாள். அன்றைக்கு அவளை அங்கே அழைத்துப்போங்கள்.

அப்பர் கதை இன்னும் விசித்திரம். "கங்கை யாடிலென் காவிரி யாடிலென்" என்று கேட்டவர் அவர்தான். எங்கும் ஈசன் இருக்கிறான் என்று எண்ணாதவர்களுக்கு எந்த நீராடலாலும் பயனில்லை என்று அந்தப் பாட்டு முடியும். உங்கள் மகள் கேட்டதன் பெரியவர் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்படிக் கேட்டுவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தோளில் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல்லும் முள்ளும் செதுக்கினார். முதுமையில் கயிலை பார்க்கவேண்டும் என்று வடக்கே நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் தேய்த்துக்கொண்டு போனார். அதுவும் ஓய்ந்து கிடந்தவரை அங்கிருந்த குளத்தில் முழுகச் சொன்னார் ஈசன். எழுந்த இடம் திருவையாற்றுக் குளம்.

அங்கே அவர் என்ன கண்டார் என்பதுதான் முக்கியம். பிடியோடு களிறு வரக் கண்டார். பெடையோடு கோழி, துணையோடு நாரை, பச்சைக்கிளி, நாகு தழுவிய ஏறு. எல்லாம் தினம் தினம் ஆற்றங்கரையில் அலைபவை. அவற்றைக் கண்டு "கண்டேன் அவர் திருப்பாதம்" என்று பாடினார். இமயம் வரை போய்ப் பார்க்க முடியாத ஒன்றைச் சொந்த ஆற்றங்கரைக் கோழியில் பார்த்திருக்கிறார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இதை இப்போதும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அன்று போனால் கூட்டத்தில் எதுவும் தெரியாது, வேறொரு நாள் காலையில் போங்கள்.

சைவத்தோடு இது முடிந்துவிடவும் இல்லை. வேளாங்கண்ணியில் நடுத்திட்டில் மோர் விற்றுக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனுக்கு மாதா காட்சி கொடுத்தாள் என்பார்கள். அவனும் நடக்க முடியாதவன்தான். காட்சிக்குப் பிறகு எழுந்து நாகப்பட்டினம் வரை ஓடினான். வடக்கே நாகூர் தர்காவில் வெள்ளித் தகட்டில் வீடு, படகு, கண், கால் என்று வெட்டி விற்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் வாங்கிச் செலுத்துவார்கள். அந்தத் தர்காவின் உயரமான மினாரா தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. கால் தகடு வாங்குபவரிடம் எந்தச் சாமியைக் கும்பிடுபவர் என்று யாரும் கேட்பதில்லை. கால் யாருக்கு, இடதா வலதா என்றுதான் கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை முதல் தேதி துலாக்கட்டத்துக்குப் போயிருந்தேன். முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன குப்பை, ஈரத் துணி, நசுங்கிய வாழைப்பழம். ஆள் அதிகமில்லை. படியோரம் கற்பூரமும் மஞ்சளும் விற்கிற ஒரு அம்மாள், மாங்காய் பறிக்கிற துறட்டியை வைத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் பேரனின் தோளைப் பிடித்தபடி வந்தார். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. "கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்று அவரை நிறுத்திவிட்டு, அந்த அம்மாள் கட்டைத் துடைப்பத்தால் நாலு படிக்குப் பாசியைத் தேய்த்தார். பிறகு ஒரு கூடை மணல் எடுத்துவந்து படியில் பரப்பினார். பெரியவர் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார். எழுந்தபோது பல் தந்தியடித்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"இதை நேற்றே செய்திருக்கலாமே" என்று நான் கொஞ்சம் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"நேற்று வந்தவர்கள் விழமாட்டார்கள். விழுந்தால் பிடிக்க ஆள் இருந்தது. இன்று வருகிறவர்கள்தான் விழுவார்கள்" என்றார்.

பெரியவர் பத்து ரூபாயை நீட்டினார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு, ஒரு கற்பூரப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். மணலுக்குக் காசில்லை, கற்பூரத்துக்குத்தான் என்பது போல.

மகாமகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவின் ஆசையைக் கெடுக்கவேண்டாம். ஆனால் மகத்தன்று அந்த முகூர்த்த நேரத்துக்குக் குழந்தையோடும் வயதானவரோடும் குளத்தில் இறங்காதீர்கள். 1992 பிப்ரவரி 18 அன்று அதே நேரத்துக்காக முண்டியடித்த நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் செத்துப்போனார்கள். கூட்டம் வடிந்த பிறகு போங்கள். அம்மா நாள் கணக்குப் பேசினால் மயிலாடுதுறைக் கணக்கைச் சொல்லுங்கள், குத்தாலத்துக்காரர், அவருக்குத் தெரியாததா? நிதானமாக இருபது தீர்த்தக் கிணறுகளையும் காட்டலாம், கோவிந்த தீட்சிதர் கட்டிய பதினாறு மண்டபங்களையும் மகளை எண்ணச் சொல்லலாம்.

அதற்கு முன் இந்த ஆண்டே கார்த்திகை முதல் தேதி வாருங்கள். ஐப்பசிக்கு லீவு போட்டதுபோல அதற்கும் ஒரு நாள் போடுங்கள். நானும் வருகிறேன். மகளைத் தண்ணீரில் இறங்கு என்று சொல்லவேண்டாம், அவள் விருப்பம். அந்த அம்மாளிடம் ஒரு துறட்டி இருக்கிறது. என் வீட்டு மாமரத்தடியில் ஒன்று சும்மா சாய்ந்துகிடக்கிறது, அதைப் பஸ்ஸில் ஏற்றவிடுவார்களா என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்.